சூரியன் விழுங்கியும் கரையாதது

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. குகதாசன் மாஸ்டரின் தம்பி பேசினார். "அண்ணா போயிட்டார். இந்த முறை உண்மை" என்றார். நான் உடனே அழவில்லை. அந்த மனிதர் செத்துப்போனார் என்று இதே வாய் முன்னரும் ஒரு தரம் சொல்லியிருக்கிறது. ஊர் கூடி அழுது, கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடித்த பிறகு அது பொய்யாய்ப் போனது. ஆனபடியால், "கையைப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "பார்த்தனான் அக்கா" என்றார். அப்போதுதான் நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பது மாஸ்டரை அறிந்த எல்லாருக்கும் தெரியாது. அவரிடம் படித்த பிள்ளைகள், மாஸ்டரின் நினைவு மலராக வருகிற இந்தக் கல்வெட்டில் நீங்களும் எழுத வேண்டும் ஆச்சி என்று வந்து நின்றபோது, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன எழுத்து என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்தேன். படித்தவர்கள் முதல் கல்வெட்டில் எழுதிக் கிழித்தது போதும். என் எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்துவார்கள். விஷயத்தில் பிழை இராது. நான் ஒன்றையும் மறக்கிறவள் இல்லை, நல்லதையும் சரி, மற்றதையும் சரி.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு வைத்து, ஊரிலிருந்து வருபவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கிறவள் நான். மாஸ்டர் எங்களிடம் வந்தது அவருடைய முதல் சாவுக்குப் பிறகு. அதற்கு முன் அவர் கொட்டாஞ்சேனையில் தாயோடும் தம்பி குடும்பத்தோடும் இருந்தவர். கலியாணம் முடிக்கவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் படிப்பித்தார். ஒரு காலை படிப்பிக்கப் புறப்பட்டவரை வழியில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் ஏற்றினார்கள் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. இது அச்சில் போகிற காரியம். நாங்கள் இருக்கிற காலமும் அப்படி.

மாதங்கள் போயின. பிறகு ஒரு பிரேதத்தைப் பார்க்க வரச்சொல்லித் தம்பிக்குச் செய்தி வந்தது. முகம் பார்த்து அறிகிற நிலையில் இல்லை. சட்டைக் கொலரின் உட்பக்கத்தில் டோபி குறி இருந்தது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்கு உடுப்பு வெளுக்கிற டோபி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போடுவான். இவர்களுடையது ஒரு வட்டமும் கீழே இரண்டு புள்ளியும். அழியாத மை. தம்பி அந்தக் குறியைக் கண்டார், "அண்ணாதான்" என்றார், வாங்கிக்கொண்டு வந்து எரித்தார். அந்தப் பிரேதத்தின் இடது கையில் சின்ன விரலின் நுனி இல்லை. மாஸ்டருக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. தம்பி கொலரைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே பல தரம் சொல்லியிருக்கிறேன். அச்சிலும் இருக்கட்டும்.

சாவுத் தீட்டுத் துடக்குக் கழிந்து வீடு வெள்ளையடித்த பிறகு ஒருநாள், மாஸ்டரை வத்தளைப் பக்கம் றோட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர் பாலம் கடந்து நடந்தே கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கதவைத் திறந்த தம்பி மனைவி அப்படியே விழுந்துவிட்டாள். உள்ளே சுவரில் அவருடைய படம், மாலையோடு. தாய் எழும்பி வந்தார். எண்பது தாண்டிய மனுஷி, கண்ணில் பூ விழுந்தவர். மகனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கட்டிப்பிடிக்கவில்லை, தொடவும் இல்லை. "வந்திட்டியா? இரு, படைக்கிறன்" என்றாராம்.

இதை மாஸ்டர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

செத்தவர்களுக்குப் படைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து, படத்துக்கு முன் இலை போட்டுப் பரிமாறி, தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போக ஒரு நேரம் கொடுப்போம். அந்தத் தாய் அன்று தன் உயிருள்ள மகனை அறைக்குள் விட்டு, இலை போட்டு, கதவைச் சாத்தினார். பசியோடு வந்த மனிதர், தன் படத்துக்கு எதிரே இருந்து தன் படையலைத் தானே சாப்பிட்டார். கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கைக்காயும் என்று சொன்னார். உப்பு அளவாக இருந்ததாம்.

தம்பிக்குப் பயம். அயலுக்கு என்ன சொல்வது, விட்டவர்கள் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று நடுங்கினார். அந்தக் கிழமைக்குள்ளேயே மாஸ்டரை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கொட்டாஞ்சேனையில் செத்தவர் வெள்ளவத்தையில் உயிரோடு இருக்கட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மாஸ்டரின் பழைய அடையாள அட்டை அவர் காற்சட்டைப் பையிலேயே இருந்தது. சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் போகவிடுவார்கள். "றோட்டில நான் உயிரோட இருக்கிறன் அக்கா, வீட்டிலதான் செத்துப்போனன்" என்பார்.

வந்த முதல் கிழமையில் அவர் கேட்டு வாங்கிய பொருள் ஒரு சிவப்புப் பேனை. தம்பி அச்சடித்த கல்வெட்டை எங்கேயோ எடுத்துக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார். தன்னுடைய நினைவு மலரைத் தானே திருத்தினார். ஒரு பெரிய மனிதர், மாஸ்டர் புதிய நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் என்று எழுதியிருந்தார். அதன் குறுக்கே கோடு. இன்னொருவர், அவர் கோபமே அறியாதவர் என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "இவ்வளவு நல்லவன் எண்டு ஆரும் முதலே சொல்லியிருந்தா நான் கொஞ்சம் வெள்ளனவே செத்திருப்பன்" என்றார். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "பகிடி இல்லை அக்கா. செத்தவனைப் பற்றியும் பிழை எழுதக்கூடாது" என்றார். அந்தக் கல்வெட்டில் பக்கம் பக்கமாக அழுதவர்களில், அவர் உயிரோடு வந்த பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கவாவது என் வீட்டுப் படி ஏறியவர்கள் மிகக் கொஞ்சம். நீங்கள் இதையும் வாசிப்பீர்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவர் வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. செத்தவருக்குச் சம்பளம் போட முடியாது என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் என் விறாந்தைக்கு வந்து படித்தார்கள். மற்ற நாட்களில் காலி வீதியில் இருக்கும் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், கணினியில் வந்ததை அச்செடுத்துக்கொண்டு வருவார். அவருடைய பழைய மாணவி ஒருத்தி தென்னமெரிக்காவில் மலை உச்சியில் பெரிய தொலைநோக்கி உள்ள இடத்தில் வேலை செய்கிறாள். அவள் அளந்து அனுப்புவாள், இவர் மேசையில் இருந்து கணக்குப் போடுவார். வானத்தைப் பார்க்க அவர் ஒருநாளும் மொட்டைமாடிக்குப் போனதில்லை. நான் கேட்டேன். "நான் பார்க்கிறது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மேலை போய் நிண்டு ஆமிக்காரனுக்கு ஏன் வேலை வைப்பான்?" என்றார்.

அது என்னதான் என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அது ஒரு சோடி. ஒன்று வெள்ளைக் குள்ளன், மற்றது பழுப்பு நிறத்துக் கபிலக் குள்ளன். வெள்ளைக் குள்ளன் என்பது செத்த நட்சத்திரம். நம்முடைய சூரியனில் பாதிக்குக் கொஞ்சம் குறைந்த பாரம். அவ்வளவு பாரமும் இந்தப் பூமியளவு உருண்டைக்குள் நெரிந்து கிடக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் ஒரு லொறிப் பாரம் இருக்கும். பாரம் கூடக் கூட அது பெருக்காது, இன்னும் சுருங்கும். செத்தது எப்படி வெளிச்சம் தரும் என்று கேட்டேன். "அடுப்பு நூந்தாப் பிறகும் கல்லுச் சுடுறதில்லையோ? இது சூரியனைவிட மூண்டு பங்கு சூடு. எரிய உள்ளுக்கு ஒண்டும் இல்லை. ஆறிக்கொண்டு போகுது. ஆறி முடிய உலகத்தின்ர வயசு காணாது" என்றார்.

கபிலக் குள்ளன் நட்சத்திரமாகப் பார்த்து முடியாமல் போனது. வியாழனைப் போல ஐம்பது மடங்கு பாரம், ஆனால் வியாழனின் அளவுதான். நெருப்புப் பற்றுவதற்கு அந்தப் பாரம் போதாது. பிறந்த சூட்டோடு மங்கலாகக் கிடக்கும். "அப்ப பெரிசு எது?" என்று கேட்டேன். உருவத்தில் கபிலக் குள்ளன் பெரிது, பாரத்தில் வெள்ளைக் குள்ளன் பெரிது என்றார். தொலைநோக்கிக்குத் தெரிவது சின்னதுதான். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர இரண்டு மணித்தியாலம் போதும். அந்தச் சோடி அப்படியே நம்முடைய சூரியனின் வயிற்றுக்குள் அடங்கிவிடும், அவ்வளவு கிட்ட. அதனால் கபிலக் குள்ளனுக்குத் திரும்ப இடமில்லை. ஒரு பக்கம் எப்போதும் செத்ததைப் பார்த்து வெந்துகொண்டிருக்கும். மற்றப் பக்கம் எப்போதும் இருட்டு.

"இது நல்ல சோடி இல்லை மாஸ்டர்" என்றேன். "சாதகம் பாத்துச் செய்யேல்லை அக்கா" என்றார்.

அவர் கணக்குப் போட்டது வேறு ஒன்றுக்கு. அந்தச் சோடி முதலில் அவ்வளவு கிட்ட இருந்திருக்க முடியாதாம். நட்சத்திரம் சாகுமுன் ஊதிப் பெருத்துச் சிவப்பு இராட்சதனாகும். பெருத்து, பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த இந்தக் கபிலக் குள்ளனை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது அந்த நெருப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும். சின்னது என்றால் கரைந்துபோகும். இது கரையவில்லை. இது உள்ளே உழக்கிய உழக்கில் இராட்சதனின் மேற்போர்வை முழுவதும் கழன்று வானத்தில் பறந்தது. மிஞ்சியது நடுவில் கிடந்த வெள்ளைக் கட்டை. எவ்வளவு பாரம் இருந்தால் கரையாமல் வெளியே வரலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. "விழுங்கினது செத்துப்போச்சு. விழுங்கப்பட்டது சுத்திக்கொண்டிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அச்சுத் தாள்களை ஒழுங்காக அடுக்கி, என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் நான் கேட்டேன், மங்கலாய்க் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியாது என்கிறீர்கள், அதன் பாரத்தை எந்தத் தராசில் போட்டீர்கள் என்று. பக்கத்தில் இருக்கும் வெள்ளை ஆடுவதை வைத்துத்தான் என்றார். வேலிக்கு அப்பால் ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு போகிறாள், குடம் தெரியாது, தலை மட்டும் தெரிகிறது. அவள் சாய்ந்து நடப்பதைக் கொண்டு குடம் நிறைந்திருக்கிறதா என்று சொல்லலாம் அல்லவா, அப்படித்தான். "காணாததை நிறுக்க வேண்டுமெண்டால், அதுக்குப் பக்கத்தில நிக்கிறதைப் பார்" என்பது அவர் பிள்ளைகளுக்கும் சொல்லுகிற வாக்கியம். நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள்.

எனக்கு அவர் அதற்கு மேலும் சொன்னார். அவரை வைத்திருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கலாம். குரலை வைத்துச் சொன்னதுதான். மட்டக்களப்புப் பேச்சு. அங்கே யாரும் உண்மைப் பெயர் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. நித்திரையில் அந்த ஆள் இவர் தோளில் சாய்ந்துவிடுவாராம். கையைப் பிடித்தபோது சின்ன விரலின் நுனி இல்லாதது தெரிந்தது. அரிசி ஆலையில் இயந்திரப் பட்டிக்குள் போனதாம். "முகம் தெரியாது அக்கா. பாரம் தெரியும்" என்றார். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்து நடுங்கினபோது மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டார். விடிய அந்த ஆளைக் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்ற நேரமில்லை. வாசலில் நின்று, "சட்டையை மறுகா வந்து தாறன் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தச் சட்டையின் கொலரில்தான் ஒரு வட்டமும் இரண்டு புள்ளியும் இருந்தன.

தன்னுடைய பெயரில் எரிந்தது யார் என்பது மாஸ்டருக்கு வீடு வந்து, தம்பி சட்டைக் குறியைச் சொன்ன அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பெயர்தான் தெரியாது. தம்பியைப் பிடித்து வைத்து, பிரேதத்தில் என்ன கண்டாய், காதில் துளை இருந்ததா, காலில் தழும்பு இருந்ததா என்று திருப்பித் திருப்பிக் கேட்பார். தம்பி நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அழுவார். அழுதால் என்ன, பார்த்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஒன்றிரண்டு ஞாபகம் வந்தது. அதை மாஸ்டர் என்னிடம் வந்து சொல்லுவார். எழுதி வைக்க அவருக்குப் பயம். "உங்கட தலை பத்திரம் அக்கா" என்பார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனார். தாய் சமைத்து, படைத்து, கதவைச் சாத்துவார். இவர் உள்ளே இருந்து சாப்பிட்டுவிட்டு, தாய் கதவைத் திறக்கும்போது எழும்பி வருவார். மனுஷி ஒரு வார்த்தை கதைக்காது, பெயர் சொல்லிக் கூப்பிடாது, கை படாது. "ஒருக்கா என்ர பேரைச் சொன்னாக் காணும் அக்கா. வேற ஒண்டும் வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னார். அந்தச் சிவப்புப் பேனையைத் தவிர அவர் என்னிடம் கேட்டதென்று எதுவும் இல்லை. இது ஒன்றைத்தான் ஆசையாக வாய்விட்டுச் சொன்னார். அறுபது வயது மனிதர் அப்படிச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அடுத்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன்.

போய்ச் சண்டைதான் பிடித்தேன். உயிரோடு இருக்கிறவனுக்குப் போட்ட மாலையை இறக்குங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் ஐயரைக் கேட்டு வைத்திருந்தார். இறுதிக் காரியம் முடிந்தவர் திரும்பி வந்தால் சும்மா வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, பிறந்த குழந்தைக்குச் செய்வது எல்லாம் செய்ய வேண்டும், நீராட்டி, தாயின் மடியில் வைத்து, பெயர் சூட்டி, அதன் பிறகுதான் அவர் உயிருள்ளவர் என்றாராம் ஐயர். அம்மா சம்மதிக்கமாட்டா என்றார் தம்பி. தாய் மூலையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. நான் போய், "அம்மா, இது உங்கட மகன். ஆவி இல்லை. என்ர வீட்டில வாடகைக்கு இருக்கிறார். ஆவி பல்லு விளக்குமோ?" என்று கேட்டேன். மனுஷி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கல்லுரலில் இடிக்கிற சத்தம்தான் பதில். அன்றைக்கு அந்தத் தாயில் எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டரோடும் சண்டை. ஐயர் சொன்னதைச் செய்யுங்கள், மடியில் வைத்தால் தாய்க்கு வாய் திறக்கும் என்றேன். அவர் கோயில் குளம் போகாதவர். அதற்காக மறுக்கிறார் என்று நினைத்தேன். பஸ் புறக்கோட்டையில் நின்று புறப்பட்ட பிறகுதான் அவர் சொன்னார்.

"அக்கா, அந்தக் காரியத்தை இல்லையெண்டாக்கினா, அது அவனுக்கும் இல்லாமல் போகும். அவனுக்கு நடந்த செத்தவீடு அது ஒண்டுதான். அம்மா வைக்கிற இலைதான் அவனுக்குக் கிடைக்கிற சோறு. நான் உயிரோட எழும்பினா அவனுக்கு ஆர் படைக்கிறது?"

"அப்ப நீங்கள் சாகும்வரைக்கும் செத்தவராயே இருக்கப்போறியளோ?"

"பாதி இலையை விட்டிட்டுத்தான் எழும்புறனான்" என்றார்.

உங்கள் தாய் பெயர் சொல்ல வேண்டுமென்று என்னிடம் கேட்டது யார் என்று ஏசினேன். ஓம் என்றார். ஓம், அது வேணும்தான், ஆனால் என்றார். அந்த ஆனாலோடு வெள்ளவத்தை வரை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை அவர் கணக்கை முடித்து மாணவிக்கு அனுப்பியிருந்தார். அந்தச் சோடி இனி இன்னும் கிட்டக் கிட்ட வருமாம். ஒருநாள் செத்த வெள்ளைக் குள்ளன் கபிலக் குள்ளனை உறிஞ்சத் தொடங்குமாம். எப்போது என்று கேட்டேன். "உங்கட பேத்திக்கு மாப்பிள்ளை சரிவாறதுக்குள்ளை வராது, பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னோடு கதைத்த கடைசி வார்த்தை ஒரு பகிடி. அவருக்கு அது பொருத்தம்தான். என் பேத்திக்குத்தான் இன்னும் கோபம்.

தாய் வழமைபோல் படைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். வழமையான நேரத்துக்குத் திறந்தபோது மாஸ்டர் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். நெஞ்சு நின்றுவிட்டது. இலையில் பாதி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பியும் அயலவர்களும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு தரம் கொள்ளி வைக்கலாமா, ஐயர் வருவாரா, துடக்கு உண்டா இல்லையா என்று பேச்சு. ஒரு கல்வெட்டு இருக்கிறது, இன்னொன்று வேண்டுமா என்றும் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், உள்ளே இருந்து அந்தத் தாய் என்னைக் கூப்பிட்டார். என்னோடு அந்த மனுஷி கதைத்தது அதுதான் முதல். மகனின் தலையை மடியில் வைத்திருந்தார். இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆவி பல்லு விளக்குமோ எண்டு கேட்டனி" என்றார். "எனக்குத் தெரியாதோ பிள்ளை? வாசலில வந்து நிண்ட அண்டைக்கே வியர்வை மணத்தில தெரியும். என்ர பிள்ளை உயிரோட வந்திட்டான் எண்டு நான் கத்தியிருந்தா ஊர் கேட்டிருக்கும். கொண்டுபோனவங்களும் கேட்டிருப்பாங்கள். செத்தவனைத் தேடி ஒருத்தரும் வரமாட்டாங்கள்."

"ஒருக்கா பேரைச் சொல்லியிருக்கலாமே அம்மா. அதுக்குத்தானே அவர் வந்தவர்."

"சொன்னால் தொடுவன். தொட்டால் விடமாட்டன்."

நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன். பிறகு மனுஷி வாசல் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, தம்பி கேட்கத்தக்கதாகச் சொன்னார். "முதல் செய்தது அந்தச் சட்டையோட வந்த பிள்ளைக்கு. இது என்ர குகனுக்கு. போய் ஐயரைக் கூட்டிக்கொண்டு வா."

குகன். வீட்டில் கூப்பிடுகிற பெயர். எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பெயரைக் கேட்க அவர் எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கதவுக்குள் இருந்தார். தாயின் மனம் அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாமலே போனாரா என்று நான் இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக் காணாததை நிறுக்கத் தெரிந்த மனிதர். தெரிந்திருக்கும் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். மற்ற நேரம் நினைக்க முடியவில்லை. தாயில் வைத்திருந்த கோபத்தை அன்றோடு விட்டுவிட்டேன். தம்பியில் உள்ளது அப்படியே இருக்கிறது. அதை அவரும் எதிர்பார்ப்பார்.

மாஸ்டருக்குக் கொள்ளி வைத்து, எல்லாம் முறையாக நடந்தது. அவருடைய கணக்கு அந்த மாணவியிடம் பத்திரமாக இருக்கிறது. அவருடைய பாடம் உங்களிடம் இருக்கிறது. என்னிடம் அவர் விட்டுப்போனது அவருடையதே இல்லை, இன்னொருவருடைய பாரம். அதைச் சுமந்து வைத்திருப்பவள் இப்போது நான் ஒருத்திதான். இந்தக் கல்வெட்டு கொழும்பில் பல வீடுகளுக்கும், சிலரின் கையோடு மட்டக்களப்புக்கும் போகும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆனபடியால் இதை எழுதுகிறேன்.

ஆண். முப்பதுக்கு மேல் வயது. நடுத்தர உயரம், மெல்லிய உடம்பு. இடது கையில் சின்ன விரலின் நுனி இல்லை, அரிசி ஆலையில் போனது. வலது முழங்கையில் பழைய தையல். மற்றவர்களுக்குப் பயம் பிடித்தால் அவர்களுக்குக் கதை சொல்லுவார். இதை வாசிக்கிற தாய் யாருக்காவது இது தன் பிள்ளை என்று நெஞ்சு சொன்னால், வெள்ளவத்தைக்கு வாருங்கள் அம்மா. ஒழுங்கையில் இறங்கி, செத்துப் பிழைத்த மாஸ்டர் இருந்த வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உங்கள் பிள்ளைக்குக் கொள்ளி வைத்தாயிற்று, சாம்பல் கடலில் கரைத்தாயிற்று, வெள்ளிக்கிழமைகளில் இலை போடுகிறோம். பெயரை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.